நோட்டுப் புத்தகத்தில் இருந்த பெயர்கள்: டெட்ராய்ட் லயன்ஸ் ரசிகர் குழு ஒன்றின் நினைவுப் பதிவு

தோற்றுக்கொண்டே இருந்த ஒரு அணியின் ரசிகர்கள் ஏழு பேர், அந்த வருடங்களை அடுத்த தலைமுறைக்காக எழுதி வைக்க உட்கார்ந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். குறிப்பெடுக்கும் வேலை என்னுடையது. 2024 ஜனவரியில் தொடங்கி அந்த ஏப்ரலில் முடிந்த அந்த முயற்சியில் நாங்கள் எதைத் தவறாக நினைவு வைத்திருந்தோம், எப்படித் திருத்தினோம், எதைச் சரியாகச் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வேறு ஏதாவது அணியைப் பற்றி இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவலாம். குழுவில் இருந்த யாருடைய பெயரையும் சொல்லவில்லை.

பின்னணி

இது அமெரிக்க ஃபுட்பால், கையில் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம். டெட்ராய்ட் லயன்ஸ் 1934 முதல் அந்த நகரத்தில் ஆடிவருகிறது. கடைசியாக சாம்பியன் ஆனது 1957இல். 1992 ஜனவரி 5ஆம் தேதி பிளேஆஃபில், அதாவது சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்றில், டல்லஸ் கவ்பாய்ஸை 38–6 என்று தோற்கடித்தது. அடுத்த பிளேஆஃப் வெற்றி வந்தது 2024 ஜனவரி 14ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கு எதிராக, 24–23 என்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். இடையில் 32 வருடம். 1992இல் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2024இல் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்திருக்கும்.

டிராஃப்ட் என்பதைத் தமிழ் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்தது ஐபிஎல் ஏலம். அங்கே பணம் வைத்திருப்பவர் கூட்டிக் கேட்கலாம். இங்கே அது நடக்காது. ஒவ்வொரு ஏப்ரலிலும் 32 அணிகளும் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி, ஏழு சுற்றுகளில் எடுக்கும். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. தோற்றவர்களைத் தூக்கிவிடுவதற்காகவே இந்த ஏற்பாடு. அதனால் தோற்கும் அணியின் ரசிகனுக்கு வருடத்தில் ஒரு நாள் நம்பிக்கையோடு விடியும் என்றால், அது டிராஃப்ட் நாள்தான். அந்த நாளும் கைவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

அந்தக் காலத்தில் இதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. 2011இல் புது ஊதிய விதி வரும்வரை, முதல் சில இடங்களில் எடுக்கப்பட்ட பையன்களுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடும் முன்பே பெருந்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. 2009இல் முதல் ஆளாக லயன்ஸ் எடுத்த மேத்யூ ஸ்டாஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகை மட்டும் 4.17 கோடி டாலர். சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள விளையாட்டில், இப்படி ஒரு தேர்வு தவறினால் அந்த இடமும் போகும், வேறு ஆளை வாங்கும் பணமும் போகும். வருடா வருடம் தோற்று, வருடா வருடம் மேல் இடத்தில் எடுக்கும் அணிக்கு இது மூச்சை அடைக்கும் சுமை.

குழுவில் இருந்தவர்கள்

நான் 2003இல் கோயம்புத்தூரிலிருந்து, டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்துக்கு வந்தேன், கார் உதிரிபாக வேலைக்கு. என்னை இந்த ஆட்டத்துக்குள் இழுத்தவர் அதே கட்டடத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மற்றவர்கள்: தபால் துறையில் வேலை பார்ப்பவர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, மதுக்கூடம் நடத்துபவர், செவிலியராக இருக்கும் பெண், அப்புறம் அவருடைய அக்கா மகன், 23 வயது இளைஞன்.

ராம்ஸை வென்ற அந்த இரவு பெரியவர் வீட்டு பேஸ்மென்டில் ஏழு பேரும் இருந்தோம். ஆட்டம் முடிந்ததும் ஆசிரியை அழுதார். இளைஞனுக்கு அது புரியவில்லை. "ஒரு ஆட்டம்தானே ஜெயிச்சிருக்கோம்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஒரு வெற்றிகூட இல்லாமல் 16 ஆட்டமும் தோற்ற 2008இன் 0–16 சீசன் நடந்தபோது அவனுக்கு ஏழு, எட்டு வயது. அந்தக் கேள்வியிலிருந்துதான் பதிவு செய்யும் யோசனை பிறந்தது. அந்த வருட டிராஃப்ட் ஏப்ரல் 25 முதல் 27 வரை டெட்ராய்டிலேயே நடப்பதாக இருந்தது. ஆசிரியை தன் ஊர்ப் பொது நூலகத்தில் பேசி, அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை நேரத்தை வாங்கினார்.

அந்த வருடங்கள்

பதிவின் மையம் 2001 முதல் 2008 வரை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அதற்கு முன்பே ஒரு காயம் இருந்தது. 1989இல் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டு, பத்து சீசன்களில் 15,269 யார்டு ஓடிய பாரி சாண்டர்ஸ், 1999 ஜூலையில், இன்னும் ஆடும் வலுவிருந்தும், ஓய்வை அறிவித்துவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் அந்தக் காலத்து லயன்ஸ் பிளேஆஃபுக்குப் போய்வந்த அணி.

2001 ஜனவரியில் மேட் மில்லன் அணியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஆட்டக்காரராக, சூப்பர் பவுல் என்ற சாம்பியன் போட்டியை நான்கு முறை வென்றவர், தொலைக்காட்சியில் நல்ல வர்ணனையாளர். அணியைக் கட்டும் அலுவலக வேலையில் அதுவரை இருந்ததில்லை. முதல் சீசன் 2–14. அடுத்தது 3–13. அப்புறம் 5–11, 6–10, 5–11, 3–13, 7–9. 2008 செப்டம்பர் 24ஆம் தேதி அவர் நீக்கப்பட்டபோது கணக்கு 31 வெற்றி, 84 தோல்வி.

தபால்காரர் அதிகம் பேசியது 2002 நவம்பர் ஆட்டத்தைப் பற்றி. சிகாகோ பியர்ஸுக்கு எதிராகக் கூடுதல் நேரம். அப்போதைய விதிப்படி முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி. லயன்ஸ் டாஸ் வென்றது. பந்தை எடுக்காமல், காற்று சாதகமாக இருக்கும் பக்கத்தைக் கேட்டார் கோச். பந்து பியர்ஸ் கைக்குப் போனது, அவர்கள் புள்ளி எடுத்தார்கள், ஆட்டம் முடிந்தது, 20–17. "எங்க கைக்குப் பந்தே வரலை" என்றார் தபால்காரர். இருபத்தொரு வருடம் கழித்துச் சொல்லும்போதும் அவர் உள்ளங்கை விரிந்தேதான் இருந்தது.

2001, 2002, 2003 ஆகிய மூன்று சீசன்களிலும் வெளியூரில் ஒரு வெற்றிகூட இல்லை. தொடர்ந்து 24 தோல்வி. 2005 டிசம்பர் 18ஆம் தேதி சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ரசிகர்கள் மில்லனை நீக்கக் கோரி ஊர்வலம் போனார்கள், எதிரணியின் ஆரஞ்சு நிறத்தை உடுத்திக்கொண்டு. ஆசிரியை போட்டுப் போனது கணவருடைய ஆரஞ்சு நிற மான் வேட்டைச் சட்டை. அதை இன்னும் வைத்திருக்கிறார், எங்களுக்குக் கொண்டுவந்து காட்டினார். மார்புப் பையில் அன்றைய டிக்கெட்டின் பாதி இருந்தது. அன்று லயன்ஸ் 41–17 என்று தோற்றது.

2008 எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் நான்கிலும் வென்ற அணி, சீசனில் 16 ஆட்டமும் தோற்றது. 16 ஆட்டங்கள் கொண்ட சீசனில் அதற்கு முன் எந்த அணிக்கும் அது நடந்ததில்லை. அக்டோபர் 12ஆம் தேதி மினசோட்டாவில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டேன் ஆர்லாவ்ஸ்கி தன்னைத் துரத்துபவரிடமிருந்து தப்பி ஓடும்போது எல்லைக்கோடு தெரியாமல் பின்பக்கம் வெளியே போய்விட்டார். அதற்கு எதிரணிக்கு இரண்டு புள்ளி. லயன்ஸ் தோற்றது 12–10 என்று. அதே இரண்டு புள்ளி. அந்தக் குளிர்காலத்தில் கார் கம்பெனிகள் அரசாங்கத்திடம் கடன் கேட்டு நின்றன. எங்கள் அலுவலகத்தில் வாரா வாரம் மேசைகள் காலியாகின. திங்கட்கிழமை காலையில் ஆட்டத்தைப் பற்றிப் பேசக்கூட ஆள் குறைந்தது. டிக்கெட் விற்காததால் சில ஆட்டங்கள் உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் வரவில்லை.

முதல் பட்டியல்

பிப்ரவரி முதல் சந்திப்பில் ஆளுக்கு ஒரு தாள் எடுத்து, அந்த வருடங்களின் மோசமான டிராஃப்ட் தேர்வுகளை மனதிலிருந்தே எழுதினோம். ஏழு தாளிலும் மூன்று பெயர்கள் இருந்தன. 2002இல் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் ஜோயி ஹாரிங்டன். 2003இல் இரண்டாவது ஆளாக வந்த ரிசீவர் சார்லஸ் ராஜர்ஸ். 2005இல் பத்தாவது ஆளாக வந்த ரிசீவர் மைக் வில்லியம்ஸ். ஐந்து தாளில் 2004இன் ஏழாவது ஆள், இவரும் ரிசீவர்தான், ராய் வில்லியம்ஸ். ரிசீவர் என்றால் ஓடிப்போய் பந்தைப் பிடிப்பவர். மூன்று வருடம் தொடர்ந்து முதல் தேர்வில் பந்து பிடிப்பவர்களையே எடுத்தார்கள் என்பதுதான் டெட்ராய்டில் எல்லா வயதினரும் சொல்லும் புகார்.

இளைஞன் இதை வைத்து ஒரு சுவரொட்டி வரைந்து கொண்டுவந்தான். நான்கு பேர் படம், ஒவ்வொருவருக்கும் ஒரு கேலிப் பெயர், பக்கத்தில் அவர்களுக்குப் பதிலாக எடுத்திருக்க வேண்டியவர்கள். மதுக்கூடக்காரருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தபால்காரர் பேசவில்லை. அவர் மிச்சிகனில் உள்ள சாகினா ஊர்க்காரர். ராஜர்ஸும் அந்த ஊர்தான்.

கவனித்தவை

நூலகத்தில் வைக்கப்போகிறோம் என்பதால் தாள்களை டிராஃப்ட் பதிவோடு ஒத்துப்பார்க்கும் வேலையைச் செவிலியரும் நானும் எடுத்துக்கொண்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

ஹாரிங்டனுக்குப் பதில் ஜூலியஸ் பெப்பர்ஸை எடுத்திருக்கலாம் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அதில் நானும் ஒருவன். பெப்பர்ஸை கரோலினா அணி இரண்டாவது ஆளாக, லயன்ஸுக்கு முன்பே எடுத்துவிட்டது. லயன்ஸ் முறை வந்தபோது அவர் அங்கே இல்லை. இத்தனை வருடம் இல்லாத ஒரு வாய்ப்புக்காக நான் கோபப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மைக் வில்லியம்ஸுக்குப் பதில் ஆரன் ராஜர்ஸ் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அது நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் ஆரன் ராஜர்ஸ் 24ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார், லயன்ஸ் மட்டும் தாண்டிப்போன ஆள் இல்லை.

ராய் வில்லியம்ஸ் மோசமான தேர்வே இல்லை. 2006இல் 1,310 யார்டு எடுத்து, அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுலுக்குப் போனார். 2008இல் அவரை டல்லஸுக்குக் கொடுத்து முதல் சுற்றுத் தேர்வு உள்பட மூன்று தேர்வுகளை வாங்கினார்கள். முன்னால் ஒரு ரிசீவர், பின்னால் ஒரு ரிசீவர் என்று நடுவில் மாட்டிக்கொண்டதால் பட்டியலில் ஏறிவிட்டார்.

எங்களை அதிகம் உலுக்கியது சார்லஸ் ராஜர்ஸின் காயத்தின் தேதி. 2003 செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே இரண்டு டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் புள்ளி, எடுத்தவர் அவர். ஐந்து ஆட்டம் ஆடினார், பயிற்சியில் காறை எலும்பு முறிந்தது. அடுத்த வருடம் முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அதே எலும்பு மறுபடி முறிந்தது. அது ஒரு தோல்வி ஆட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். பதிவைப் பார்த்தால் அது 2004 செப்டம்பர் 12, சிகாகோவில் நடந்த ஆட்டம். 24 வெளியூர்த் தோல்விகளுக்குப் பிறகு லயன்ஸ் முதல் வெற்றி பெற்ற ஆட்டம். இத்தனை நாள் காத்திருந்த வெற்றியும் அந்தப் பையனின் வீழ்ச்சியும் ஒரே மதியத்தில் நடந்திருக்கின்றன. எங்கள் மனசு இரண்டையும் பிரித்து வேறு வேறு இடத்தில் வைத்துவிட்டது.

நோட்டுப் புத்தகம்

மார்ச் நடுவில் பெரியவர் ஒரு பழைய சுருள் கம்பி நோட்டைக் கொண்டுவந்தார். பச்சை அட்டை. கம்பியின் ஒரு முனை பிரிந்து, கையைக் கீறாமல் இருக்க டேப் சுற்றியிருந்தது. ஒவ்வொரு டிராஃப்டுக்கும் முந்தைய இரவு, அணி யாரை எடுக்க வேண்டும் என்று பென்சிலில் எழுதுவது அவர் பழக்கம். அதைப் பத்து வருடமாகத் திறக்கவில்லை என்றார்.

2002 பக்கத்தில் ஹாரிங்டன் பெயர், கீழே இரண்டு கோடு.

2003 பக்கத்தில் சார்லஸ் ராஜர்ஸ். பக்கத்தில் "நம்ம ஊர்ப் பையன், வேற யாரும் வேண்டாம்" என்ற அர்த்தத்தில் ஒரு வரி. பென்சிலை அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கம்வரை தடம் இறங்கியிருந்தது.

2004இல் ஷான் டெய்லர் என்ற தடுப்பாட்டக்காரர். அவர் ஐந்தாவது ஆளாக வாஷிங்டனுக்குப் போய்விட்டார், லயன்ஸின் ஏழாவது முறை வரை இருக்கவில்லை. 2005இல் பெயர் எதுவும் இல்லை. "இந்த வருஷம் ரிசீவர் கூடாது, தடுப்புக்கு ஆள் வேணும்" என்று மட்டும். 2006இல் மேட் லைனர்ட். 2007இல் ஜோ தாமஸ், கூடவே "மறுபடியும் ரிசீவரை எடுத்தால் பார்ப்பதை நிறுத்திவிடுவேன்."

2007இல் லயன்ஸ் எடுத்தது ரிசீவரைத்தான். அவர் கால்வின் ஜான்சன். லயன்ஸ் வரலாற்றின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர், இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இன்று இருப்பவர். பெரியவர் கேட்ட ஜோ தாமஸும் கிளீவ்லாந்தில் பெரிய ஆளாகி அங்கே சேர்ந்தவர்தான், அதனால் அவர் விருப்பமும் தவறில்லை. 2006இல் அவர் கேட்ட லைனர்ட் அரிசோனாவுக்குப் போய் எடுபடவில்லை. எங்கள் சுவரொட்டியில் முதலில் இருந்த இரண்டு பெயர்களையும் அவர் ஆசையோடு கேட்டிருக்கிறார்.

நான் உட்பட பலரும் 2003இல் அதே எண்ணத்தில்தான் இருந்தோம். எழுதி வைக்காததால் மறந்துவிட்டோம், அவ்வளவுதான். மில்லனைத் திட்டும்போது எல்லோரும் அன்றே எச்சரித்தவர்கள் போலப் பேசினோம். சரியாக எச்சரித்ததற்கு எங்களிடம் எழுத்தில் இருந்த ஆதாரம் ஒரே ஒரு வருடத்துக்கு, 2005க்கு. அந்த ஒன்று உண்மையிலேயே கனமானது. முந்தைய வருடம் முழுக்க ஆட முடியாமல் வெளியே இருந்த மைக் வில்லியம்ஸைப் பத்தாவதாக எடுத்தார்கள். அடுத்த இடத்திலேயே டிமார்கஸ் வேரை டல்லஸ் எடுத்தது. எதிரணிக் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதில் வேர் 138.5 என்ற எண்ணிக்கையோடு ஓய்வு பெற்று, ஹால் ஆஃப் ஃபேம் போனார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மார்ச் கடைசியில் மூன்று முடிவுகள் எடுத்தோம்.

ஒரு தேர்வு தவறு என்று எழுத, டிராஃப்ட் நாளில் தெரிந்திருந்ததை மட்டும் கணக்கில் வைப்பது என்பது முதலாவது. பின்னால் வந்த காயமும், பின்னால் யாரோ பெரிய ஆள் ஆனதும் வேறு பத்தியில் வரும். 2017இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர், கேட் மாஸியோடு சேர்ந்து டிராஃப்டைப் பற்றிச் செய்த ஆய்வைச் செவிலியர் குறிப்பிட்டார். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேரில் முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னால் எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு, பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. கிட்டத்தட்ட காசு சுண்டுவது போல. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெயரை வைத்து ஒருவரை முட்டாள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, பட்டியலில் ஆட்டக்காரர்களுக்குப் பக்கத்தில் அணியின் நிலையையும் எழுதுவது. இது எனக்கு முக்கியமாகப் பட்டது, நான்தான் வற்புறுத்தினேன். ஹாரிங்டன் நான்கு சீசனில் மூன்று கோச்சுகளைப் பார்த்தவர், மார்னின்வெக், மரியூச்சி, இடைக்காலமாக ஜாரான். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆட்டமுறை. மயாமிக்குப் போன அதே ஹாரிங்டன் 2006 தேங்க்ஸ்கிவிங் அன்று டெட்ராய்டுக்கே வந்து மூன்று டச்டவுன் எறிந்து லயன்ஸை 27–10 என்று தோற்கடித்தார். ராஜர்ஸுக்குப் பிறகு அடுத்த இடத்தில் எடுக்கப்பட்ட ஆண்ட்ரே ஜான்சன் ஹூஸ்டனில் ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டக்காரர் ஆனார். அவர் டெட்ராய்டுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எந்தச் செடியைக் கொண்டுவந்து வைத்தாலும் மண் வருடா வருடம் கிளறப்பட்டுக்கொண்டே இருந்தது. அப்படிக் கிளறிய நிர்வாகத்துக்கு 2005இல் ஒப்பந்தமும் நீட்டிக்கப்பட்டது. என் கணிப்பில் அந்த எட்டு வருடங்களின் மிகப் பெரிய தவறு அந்த நீட்டிப்புதான். அது எந்த டிராஃப்ட் பட்டியலிலும் வராது.

மூன்றாவது, ராஜர்ஸின் கேலிப்படத்தை எடுத்துவிடுவது. அவர் 2019இல், 38 வயதில் இறந்துபோனார். மொத்தம் ஆடியது 15 ஆட்டம், பிடித்தது 36 பந்து, 4 டச்டவுன். காயத்துக்குப் பின் போதைப்பொருள் விதியை மீறியதற்காகத் தடையும் பெற்றார். அதையெல்லாம் மறைக்க யாரும் கேட்கவில்லை. தபால்காரர் கேட்டது ஒன்றுதான்: "அவன் படத்துக்குக் கீழே கேலிப் பெயர் இருந்தா, எங்க ஊர்ல இருந்து யாரும் இந்தக் கூட்டத்துக்கு வரமாட்டாங்க. நானும் வரமாட்டேன்." இளைஞன் அன்றே சுவரொட்டியைச் சுருட்டி எடுத்துப் போனான். அடுத்த வாரம் வேறொன்று கொண்டுவந்தான். அதில் பெரியவரின் நோட்டுப் பக்கங்களின் படங்கள் மட்டும் இருந்தன.

மதுக்கூடக்காரர் இதை ஏற்கவில்லை. ரசிகனின் நினைவு என்பதே கோபம்தான், அதை வழக்கறிஞர் மாதிரி சரிபார்த்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்டார். அவர் கடையில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தவர்கள் டிராஃப்ட் நாளில் என்ன தெரிந்திருந்தது என்று யோசித்துக் குடிக்கவில்லை என்றார். நாங்கள் விளக்கம் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. அன்றைக்குப் பிறகு வரவில்லை.

பின் நடந்தவை

நூலகத்துக்கு நாற்பது பேர் போல வந்தார்கள். பாதிக்கு மேல் முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்கள். ஆசிரியை வேட்டைச் சட்டையை நாற்காலியில் தொங்கவிட்டிருந்தார், எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். பெரியவர் நோட்டை வருட வரிசையில் வாசித்தார். 2003 வரியை வாசித்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பாமல், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மீதியை இளைஞன் வாங்கி வாசித்தான். 2007 வரி வந்ததும் கூடத்தில் சிரிப்பு எழுந்தது, பெரியவரும் சேர்ந்து சிரித்தார்.

அதற்கப்புறம் கேள்வி நேரத்தில் ஒரு இளம்பெண், 2023 டிராஃப்டில் முதல் சுற்றிலேயே ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸையும் லைன்பேக்கர் ஜாக் கேம்பெல்லையும் எடுத்தபோது பலரும் திட்டினார்களே, அதுவும் இதே கதைதானா என்று கேட்டாள். அன்று அந்தத் தேர்வைத் திட்டியவர்களில் நான் உண்டு. அதே டிராஃப்டில் வந்த சாம் லபோர்டாவும் பிரையன் பிராஞ்சும் சேர்ந்து அந்த அணி அந்த சீசனில் 12–5 என்று முடித்தது, 1993க்குப் பிறகு முதல் முறையாகத் தன் பிரிவை வென்றது. ஆமாம், இதே கதைதான் என்று பதில் சொன்னேன்.

இரண்டாயிரங்களில் ஆட்டத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்ட இரண்டு பேர், கூட்டம் முடிந்ததும் தங்கள் நினைவுகளைச் சொல்ல முன்வந்தார்கள். இரண்டையும் பதிவு செய்திருக்கிறோம். டிராஃப்டுக்கு முந்தைய இரவு நாங்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு உறையில் எங்கள் விருப்பத்தை எழுதி ஒட்டி, பெரியவரின் தகரப் பெட்டியில் போட்டோம். லயன்ஸ் 29ஆம் இடத்திலிருந்து 24க்கு முன்னேறி, அலபாமா பல்கலைக்கழகத்தின் கார்னர்பேக் டெரியன் ஆர்னால்டை எடுத்தது. உறைகளை மூன்று சீசன் கழித்துத்தான் திறப்பது என்று ஒப்பந்தம்.

மறுபடி செய்தால்

முதல் நாளே தாள்களில் எழுதச் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்வேன். அது இல்லாமல் எங்கள் தவறுகள் எங்களுக்கே தெரிந்திருக்காது. ஆனால் வீட்டில் பழைய நோட்டு, டிக்கெட், கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து வந்த நோட்டு, அதற்குள் இறுகிப்போயிருந்த கருத்துகளின் மேல் வந்து விழுந்தது. முதலிலேயே வந்திருந்தால் சுவரொட்டியே பிறந்திருக்காது. நோட்டைக் கையாளும் முன் படம் எடுத்திருக்கவும் வேண்டும். பலர் புரட்டியதில் 2004 பக்கம் கம்பியிலிருந்து கிழிந்துவிட்டது.

மதுக்கூடக்காரர் விஷயத்தில் நான் செய்தது தவறு. சரிபார்த்த பட்டியல் ஒரு பக்கம், அன்று உணர்ந்தது ஒரு பக்கம் என்று ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்திருந்தால், அவருக்கு உட்கார இடம் இருந்திருக்கும். 2005 ஊர்வலம் கணக்குப் பார்த்து நடக்கவில்லை, கோபத்தில் நடந்தது. அந்தக் கோபம் சரியான ஆளைத்தான் சுட்டியது. நான் அதை யோசிக்காமல் அவரிடம் தேதிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அவரோடு போயிற்று. 2008 டிசம்பர் 21ஆம் தேதி, அந்த சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம், நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக. 42–7 என்று தோற்ற அந்த ஆட்டத்துக்கு லயன்ஸின் மைதானமான ஃபோர்டு ஃபீல்டுக்குள் போய் உட்கார்ந்து கடைசி நிமிடம்வரை பார்த்தவர் எங்கள் குழுவில் அவர் ஒருவர்தான். என்ன பார்த்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள், எப்போது எழுந்தார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பதிவில் அந்த நாளுக்கு விட்ட பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.